ஆறு பேருக்குக் கொடுத்த வீட்டில் பதினொருவர்
வாசகர் கேள்வி – பதில்

சொந்த வீட்டை நாள் வாடகைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறவர்களிடமிருந்து அண்மையில் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. விதிகளை மீறும் விருந்தினரை என்ன செய்வது என்பதே பெரும்பாலானவற்றின் கேள்வியாக இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: கொடைக்கானலில் எங்களுக்கு மூன்று படுக்கையறைகள் கொண்ட வீடு ஒன்று இருக்கிறது. நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். உள்ளூர்த் தம்பதி ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். சென்ற மே மாதம் ஆறு பேருக்கென்று இணையதளம் வழியாக முன்பதிவு செய்தவர்கள், இரண்டு கார்களில் பதினொரு பேராக வந்து இறங்கினார்கள். வாட்ச்மேன் கேட்டதற்கு, "மத்தவங்க சாப்பிட்டுட்டு வேற ரூமுக்குப் போயிடுவாங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் ஹாலில் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிட்டது. கூடுதல் பணம் கேட்டபோது, "வீட்டை மொத்தமாகத்தானே எடுத்தோம், எத்தனை பேர் என்பது உங்களுக்கு எதற்கு?" என்று சண்டைக்கு வந்தார்கள். இப்படிப்பட்டவர்களைத் தங்கும் காலத்தின் நடுவிலேயே வெளியேற்ற எனக்கு உரிமை உண்டா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: உரிமை உண்டு. ஆனால் அதைச் சிரமமின்றிப் பயன்படுத்தக்கூடிய நேரம், அவர்கள் பெட்டிகளை இறக்குவதற்கு முந்தைய பத்து நிமிடங்கள்தான்.

முதலில் சட்டநிலையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று நாள் விடுமுறைக்கு வந்து தங்குகிறவர் பொதுவாக வாடகைதாரர் ஆகமாட்டார். உங்கள் அனுமதியின் பேரில் உங்கள் இடத்தைப் பயன்படுத்துகிறவர் என்ற நிலையே அவருக்கு உண்டு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இதனை உரிமம் என்று வகைப்படுத்துகிறது. உரிமத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் பெற்ற பிறகு, அவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்கிறது. பணம் கொடுத்துத் தங்கியவரை, அவர் மீது தவறு ஏதும் இல்லாதபோது இடையில் வெளியேற்றினால் அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 64ஆம் பிரிவு. ஆகவே வழக்கு என்று வந்தால் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: தவறு அவருடையதுதான் என்பதை நீங்கள் எதைக் காட்டி நிறுவப் போகிறீர்கள்?

ஆறு பேர் என்பது உங்கள் மனத்திலும் விளம்பரத்தின் ஒரு மூலையிலும் மட்டும் இருந்தால் போதாது. முன்பதிவு உறுதியானவுடன் இணையதளத்தின் செய்திப் பெட்டியிலேயே, "வீட்டின் கழிவுத்தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஆறு பேருக்கானவை, ஏழாவது நபர் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இரவு தங்கும் ஒவ்வொரு கூடுதல் நபருக்கும் இவ்வளவு கட்டணம்" என்று எழுதி, சம்மதம் என்ற பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். காரணத்தைச் சேர்த்துச் சொல்வது முக்கியம். எண்ணிக்கையை மட்டும் சொன்னால், பணம் கறக்கும் தந்திரம் என்றே விருந்தினர் நினைக்கிறார். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊர் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். வருவதற்கு இரண்டு நாள் முன்பு, தங்குகிறவர்களின் பெயர்களையும் வாகன எண்களையும் கேட்டு வாங்குங்கள். ஆளை மறைத்துக் கூட்டி வரும் எண்ணமுள்ளவர்களில் ஒரு பகுதியினர் இந்தக் கட்டத்திலேயே, "இன்னும் நாலு பேர் வரலாமா?" என்று கேட்டுவிடுவார்கள்.

அடுத்தது உங்கள் வாட்ச்மேன். இரண்டு கார் நிறைய நகரத்துக்காரர்கள் வந்து இறங்கும்போது, மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் தனியாக நின்று அவர்களைத் தடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பதினொரு பேரையும் உள்ளே விட்டுவிட்டு ஐந்நூறு ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வாட்ச்மேன்களும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் சாவியைக் கொடுக்காமல் உங்களைத் தொலைபேசியில் அழைத்து, "முதலாளி பேசுறாங்க சார்" என்று விருந்தினரிடம் கொடுப்பது. பேச வேண்டியவர் நீங்கள்தான். கோபப்படாமல் இரண்டு வழிகளைச் சொல்லுங்கள். கூடுதல் கட்டணத்தை இணையதளத்தின் வழியாகச் செலுத்திவிட்டு, வீடு தாங்கும் அளவுக்குத் தங்கலாம்; அல்லது மற்றவர்களுக்கு அருகில் வேறு அறை பார்த்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் வரை உங்கள் வீடு தாங்குமென்றால் எட்டோடு நிறுத்துங்கள். பதினொருவருக்கும் பணம் வாங்கிக்கொண்டு விட்டீர்களானால், ஆறு என்ற உங்கள் எண்ணே பொய்யாகிவிடும். அடுத்த முறை கழிவுத்தொட்டி நிரம்பினால் யாரையும் கேட்க முடியாது.

இரவில் உண்மை தெரிய வந்தால் என் யோசனை வேறு. கொடைக்கானல் குளிரில் இரவு 11 மணிக்குக் குழந்தைகளோடு இருப்பவர்களை வெளியே அனுப்பாதீர்கள். சட்டம் கேட்கும் நியாயமான அவகாசத்தின் கீழும் அது நிற்காது. அந்த நேரத்திலேயே செய்தி அனுப்பி மீறலைப் பதிவுசெய்துவிட்டு, காலை 10 மணிக்குள் கூடுதல் ஆட்கள் கிளம்ப வேண்டும் அல்லது மொத்தமாகத் தங்கல் முடிக்கப்படும் என்று எழுதுங்கள். இணையதள நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கும் அதே இரவு தெரிவியுங்கள். விருந்தினர் ஊருக்குப் போன பிறகு எழுதும் புகாரை விட, மீறல் நடக்கும்போது எழுதிய இரண்டு வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எங்களுக்கு நீச்சல் குளத்துடன் கூடிய வீடு இருக்கிறது. "குடும்பமாக வருகிறோம், பாட்டியின் பிறந்தநாள்" என்று சொல்லி எடுத்தவர்கள், ஸ்பீக்கர் வைத்து விடியற்காலை 2 மணி வரை ஆட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டார் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார்கள். இப்போது தெருவில் யாரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இனி விருந்துக்கே அனுமதி இல்லை என்று போட்டுவிட்டால் போதுமா?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: போடுங்கள், ஆனால் பாட்டியின் பிறந்தநாள் என்று சொன்னவர்கள் அந்த வரியையும் படித்துவிட்டுத்தான் வருவார்கள்.

இந்தச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, கலிஃபோர்னியாவின் ஒரிண்டா என்னும் சிற்றூரில், வீடுகளை நாள் வாடகைக்கு முன்பதிவு செய்யும் இணையதளமான ஏர்பிஎன்பி வழியாக ஒரு வீடு எடுக்கப்பட்டது. காட்டுத்தீப் புகையிலிருந்து ஒதுங்கியிருக்க ஒரு டஜன் குடும்பத்தினர் தங்குவதாகச் சொல்லி எடுத்த அந்த வீட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பின்னரே அந்த நிறுவனம் விருந்து விஷயத்தில் கடுமை காட்டத் தொடங்கியது. 2020 ஆகஸ்டில் உலகம் முழுவதற்கும் விருந்துத் தடையை அறிவித்து, 2022 ஜூனில் அதை நிரந்தரமாக்கியது. அந்தத் தளத்தில் வீடு விடுகிறவராக இருந்தால், விருந்துக்கு எதிரான விதி உங்களுடையது மட்டுமன்று, தளத்தினுடையதும் ஆகும். அதைச் சொல்லியே நீங்கள் பேசலாம்.

நம் ஊரில் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பது வரம்பு. 45 டெசிபெல் என்பது தாழ்ந்த குரலில் பேசும் அளவுக்குச் சற்றே கூடுதல். திறந்தவெளியில், குளத்தோரத்தில் வைத்த ஸ்பீக்கர் எந்த வகையிலும் அதற்குள் அடங்காது. "எங்கள் வீட்டு விதி" என்று சொன்னால் விருந்தினர் பேரம் பேசுவார். "இரவு 10 மணிக்கு மேல் சட்டப்படி வெளியில் ஒலிபெருக்கி கூடாது, போலீஸ் வந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்றால் பேரத்துக்கு இடமில்லை.

ஆனால் உங்கள் கவனம் முன்பதிவிலேயே இருக்க வேண்டும் என்பேன். அதே ஊரில் வீடு உள்ளவர், சனிக்கிழமை ஒரே ஒரு இரவுக்கு, அதுவும் கடைசி நேரத்தில் கேட்கிறார் என்றால் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்: யார் யார் வருகிறார்கள், எதற்காக? நேர்மையாக வருகிறவர் விரிவாகவே பதில் எழுதுவார். வார இறுதிக்கு இரண்டு இரவுகள் கட்டாயம் என்று வைத்துவிட்டால் இத்தகைய கோரிக்கைகளில் பாதி தாமாகவே நின்றுவிடும். டிசம்பர் 31ஆம் தேதி இரவுக்கு, முன்பு வந்து தங்கி நல்லபடி நடந்துகொண்டவர்களைத் தவிர யாருக்கும் விடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஒரு நாள் வருமானம் போனாலும் தெரு உங்களோடு இருக்கும்.

அன்றிரவு என்ன செய்வது என்று கேட்டால், நேரத்தை விட்டுவிடாதீர்கள். இரவு 9.30க்கு, "10 மணிக்கு இசையை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுங்கள்" என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். 10.15க்கும் சத்தம் இருந்தால் தொலைபேசியில் பேசுங்கள். 10.45க்கு, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னொருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாசலில் நின்று, முன்பதிவு செய்தவரை மட்டும் வெளியே அழைத்துப் பேச வேண்டும். குடித்திருக்கும் கூட்டத்தின் நடுவே போய் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்குவது வீரம் அல்ல. கைகலப்பில் போய் முடியும். அதற்கும் அடங்கவில்லையென்றால் 112ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டார் அழைப்பதற்கு முன்னால் வீட்டுக்காரராகிய நீங்கள் அழைத்திருக்கிறீர்கள் என்பது, காவல் நிலையத்திலும் தெருவிலும் உங்கள் நிலையையே மாற்றிவிடும். பக்கத்து வீடுகள் இரண்டுக்காவது உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, "எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள், முகம் கொடுத்துப் பேசாதவர்களிடமும்.

கேள்வி: புகைபிடித்தால் 10,000 ரூபாய் அபராதம் என்று விதியில் எழுதியிருக்கிறேன். ஒரு விருந்தினர் படுக்கையில் சிகரெட் சுட்ட ஓட்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அபராதம் கேட்டதற்கு, "பணம் கேட்டால் மோசமான ரிவ்யூ போடுவேன்" என்கிறார். என்ன செய்வது?
(ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலில் அபராதம். ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டாலே அது முழுவதும் கிடைத்துவிடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், குறிப்பிட்ட தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டைத்தான் பெறலாம் என்கிறது. அதாவது நீங்கள் எழுதிய 10,000 என்பது உச்சவரம்பே தவிர, விலைப்பட்டியல் அல்ல. ஆகவே மெத்தையின் விலை, அதன் வயது, மாற்ற ஆன செலவு ஆகியவற்றைக் காட்டும் ரசீதுகளை இணைத்து, உண்மையான இழப்பைக் கேளுங்கள். ஐந்து ஆண்டு பழைய மெத்தைக்குப் புது மெத்தையின் முழு விலையைக் கேட்டால், கேட்கிற உங்கள் பேச்சின் நம்பகத்தன்மையே குறைந்துவிடும். குவளை ஒன்று உடைந்தது, துண்டில் கறை பட்டது போன்றவற்றைக் கேட்கவே கேட்காதீர்கள். அவை தொழிலின் தேய்மானம். அறை வாடகையிலேயே அடங்க வேண்டியவை.

ஏர்பிஎன்பியில் வந்த விருந்தினர் என்றால், அவர் காலி செய்த 14 நாள்களுக்குள் தளத்தின் வழியாகவே கோரிக்கை வைக்க வேண்டும். முதலில் விருந்தினரிடம் கேட்டு, அவர் மறுத்தாலோ 24 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டாலோ நிறுவனத்தைத் தலையிடச் சொல்லலாம். இங்கேதான் பலர் தோற்கிறார்கள், காரணம் புகைப்படம் இல்லாமை. ஒவ்வொரு விருந்தினர் வருவதற்கு முன்பும், வீட்டைச் சுத்தம் செய்து முடித்தவுடன் ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைப்பதை வேலைக்காரர்களின் கடமையாக்குங்கள். ஓட்டை நேற்று இல்லை, இன்று இருக்கிறது என்று காட்ட வேறு வழியில்லை.

இனி மிரட்டல். பணம் கேட்டால் மோசமாக எழுதுவேன் என்று சொல்வது தளத்தின் விதிகளுக்கே விரோதமானது. அதனால் அந்தப் பேச்சைத் தொலைபேசியில் முடித்துவிடாமல், "நீங்கள் சொன்னதைச் செய்திப் பெட்டியில் எழுத முடியுமா?" என்று கேளுங்கள், எழுதிவிட்டாரானால் அதுவே உங்கள் சாட்சி. எழுத மறுத்தால், அவர் சொன்னதை நீங்களே அன்றைய தேதியிட்டு எழுதி அனுப்பிவிடுங்கள். இருதரப்பும் எழுதிய பிறகோ 14 நாள் முடிந்த பிறகோதான் மதிப்புரைகள் வெளியாகும் என்பதால், நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அவர் பழிவாங்க முடியாது. உங்கள் மதிப்புரையில் வசை வேண்டாம். "அறைக்குள் புகைபிடித்தார், மெத்தை சேதமடைந்தது, கேட்டபோது ஒத்துழைக்கவில்லை" என்ற மூன்று செய்திகள் போதும். அடுத்த வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

கேள்வி: இத்தகைய தொல்லைகளுக்கெல்லாம் ஒரே தீர்வாக ஹாலில் ஒரு கேமரா வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். வைக்கலாமா?
(ஒரு வாசகி, உதகமண்டலம்)

பதில்: கூடாது. அறிவித்துவிட்டு வைத்தாலும் கூடாது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீட்டுக்குள் எந்த இடத்திலும் கேமராவை அனுமதிப்பதில்லை. ஒளித்து வைத்து அந்தரங்கக் காட்சி பதிவானால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் உங்கள் மீது பாயும். அப்போது விதி மீறியவர் விருந்தினராக இருக்கமாட்டார். வாசலையும் வாகன நிறுத்தத்தையும் நோக்கிய கேமராவை, இருக்குமிடத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு வைக்கலாம். ஆள் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள அதுவே போதும். அப்படியே அடையாள அட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும் என்று சொல்லுங்கள். ஊட்டியின் பாதி விடுதிகளில் விருந்தினரின் ஆதார் நகல்கள் மேசை மீது கட்டுக்கட்டாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு மீறல்தான்.

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டின் முன்கட்டை, கோயில்களுக்கு வருகிறவர்களுக்கு விடுகிறோம். பின்கட்டில் என் மாமியாரும் நாங்களும் இருக்கிறோம். அசைவம் கூடாது என்று எழுதியிருந்தும், ஒரு குடும்பத்தினர் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்து முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "சமைக்கத்தானே கூடாது என்று போட்டிருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார்கள். அதே போலத் திருமணமாகாதவர்களுக்கு விடுவதில்லை என்றும் எழுதலாம் என்று உறவினர் சொல்கிறார். சரியா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: அவர்கள் கேட்டது குறும்பான கேள்வி என்றாலும் நியாயமான கேள்வி. "இந்தச் சமையலறையில் அசைவம் சமைக்கக் கூடாது" என்பதும், "வீட்டு எல்லைக்குள் அசைவ உணவைக் கொண்டுவரக் கூடாது" என்பதும் வெவ்வேறு விதிகள். உங்களுக்கு எது வேண்டுமோ அதை முழு வாக்கியமாக, விளம்பரத்தின் முதல் பகுதியிலேயே, "வீட்டின் பின்பகுதியில் பூஜை அறையுடன் நாங்கள் குடியிருப்பதால்" என்ற காரணத்தோடு எழுதுங்கள். குடும்பம் வசிக்கும் வீட்டில் அப்படி ஒரு நிபந்தனை வைப்பதில் தவறு எதுவும் இல்லை. பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். கும்பகோணத்தில் விடுதிக்குப் பஞ்சமில்லை. அன்று முற்றத்தில் சாப்பிட்டவர்களை நீங்கள் நடுவில் எழுப்பாமல் விட்டது நல்லது. சாப்பிடுகிறவரை எழுப்பும் வழக்கம் நமக்கு எந்தக் கட்டிலும் கிடையாது.

திருமணமாகாதவர்கள் விஷயத்தில் உங்கள் உறவினரோடு நான் உடன்படவில்லை. கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை 2019இல் அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டார்கள். திருமணமாகாத இணையர் ஓர் அறையில் இருந்ததும், இன்னோர் அறையில் மது புட்டிகள் இருந்ததும் சொல்லப்பட்ட காரணங்களில் அடங்கும். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் திருமணம் செய்துகொள்ளாமல் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கூறி, அந்த இடத்தைத் திறந்துவிட உத்தரவிட்டது. அரசாங்கத்துக்குச் சொன்ன அந்தத் தீர்ப்பு, நீங்கள் யாரை விருந்தினராக ஏற்க வேண்டும் என்று நேரடியாகக் கட்டளையிடவில்லை என்பது உண்மையே. ஆனாலும் வீட்டைப் பாதுகாக்கும் விதிக்கும், விருந்தினரின் வாழ்க்கையை எடைபோடும் விதிக்கும் வேறுபாடு உண்டு. முன்னதை மீறினால் கண்ணுக்குத் தெரியும், நிரூபிக்கலாம், கேட்கலாம். பின்னதை அமல்படுத்த நீங்கள் தாலியைப் பார்க்க வேண்டும், உறவு கேட்க வேண்டும், அண்ணன் தங்கையையும் சந்தேகிக்க வேண்டும். அந்த வேலையில் இறங்கிய வீட்டுக்காரர்கள் சொல்லும் மற்ற விதிகளையும் விருந்தினர்கள் மதிப்பதில்லை, எல்லாமே தொணதொணப்பாகிவிடுகிறது. இருவருக்கும் 18 வயது ஆகிவிட்டதை அடையாள அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள், அதோடு விடுங்கள்.

கேள்வி: எங்கள் மலை வீட்டில் கேம்ப் ஃபயருக்குத் தனி இடம் கட்டி வைத்திருக்கிறோம். ஆனாலும் சிலர் பார்பிக்யூ அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் எடுத்துப் போய்விடுகிறார்கள். சொன்னால் சிரிக்கிறார்கள்.
(ஒரு வாசகர், பண்ணைக்காடு)

பதில்: இந்த ஒன்றில் செய்தி அனுப்பிக் காத்திருக்கும் பேச்சே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் விழிப்பதில்லை. கொடைக்கானல் மலையிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பார்பிக்யூ முடிந்தவுடன் அடுப்பை உங்கள் ஆளே தண்ணீர் ஊற்றி அணைத்து எடுத்துச் சென்று பூட்டி வைக்க வேண்டும், விருந்தினரின் பொறுப்பில் விடவே கூடாது. அறைக்குள் அடுப்பு இருப்பது தெரிந்தால், எந்த நேரமானாலும் கதவைத் தட்டி, சன்னல்களைத் திறக்கச் சொல்லி, அடுப்பை வெளியே எடுக்க வேண்டும். அதற்காக வரும் ஒரு நட்சத்திர மதிப்புரையை ஏற்றுக்கொள்ளலாம். கூடவே ஒவ்வோர் அறையிலும் கூடுதலாக ஒரு கம்பளியை வையுங்கள்; குளிருக்குப் பயந்துதான் அடுப்பு உள்ளே போகிறது. பிப்ரவரி முதல் மே வரை, சருகு காய்ந்து கிடக்கும் மாதங்களில், கேம்ப் ஃபயரையே நிறுத்தி வைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் பாஸ்போர்ட்டைக் காட்ட மறுக்கிறார். வற்புறுத்தலாமா?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: வற்புறுத்தியே ஆக வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரது விவரங்களை இணையவழியில் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது வீடு விடுகிறவரின் சட்டக் கடமை. தொழிலில் இருப்பவர்கள் அதைச் சி படிவம் என்பார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்க்காமல் சாவி கொடுக்காதீர்கள். பார்த்துப் படமெடுத்தவுடன் மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிணையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் தவறு.

கேள்வி: காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டியவர், "இன்னும் இரண்டு நாள் இருப்பேன், பணத்தைப் பிறகு தருகிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் 2 மணிக்கு அடுத்த விருந்தினர் வருகிறார்கள். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டால் தானாகக் கிளம்பிவிடுவார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நண்பர்கள் உங்களைக் காவல் நிலையத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். மின்சாரத்தைத் துண்டிப்பது, வெளியே பூட்டுப் போடுவது, பெட்டிகளைத் தெருவில் வைப்பது ஆகிய எதையும் செய்யாதீர்கள். ஆள் உள்ளே இருக்கும்போது பூட்டினால், சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம் உங்கள் மீது வரும்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். 11 மணி ஆனவுடன், தங்கும் காலம் முடிந்துவிட்டது, நீட்டிப்புக்கு இடமில்லை, பகல் 1 மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்று எழுத்தில் அனுப்புங்கள். நீட்டிப்பு கொடுக்க முடியுமென்றாலும் பணத்தைக் கையில் வாங்காமல், தளத்தின் வழியாக முறையான முன்பதிவாகவே செய்யச் சொல்லுங்கள். கையில் வாங்கிய பணம், பிற்பாடு வேறொரு வாய்மொழி ஒப்பந்தம் இருந்ததாகச் சொல்ல இடம் கொடுக்கும். தளத்தின் உதவிப் பிரிவை அழைத்துப் பதிவுசெய்யுங்கள். 1 மணிக்கும் கிளம்பவில்லையென்றால், இரண்டு சாட்சிகளோடு போய்க் கேட்டுவிட்டு, காவல் துறையை அழையுங்கள். முறைப்படி உள்ளே வந்தவராக இருந்தாலும், உரிமையாளரை மிரட்டவோ தொல்லைப்படுத்தவோ எண்ணி அங்கேயே சட்டவிரோதமாக இருந்துவிட்டால் அது அத்துமீறல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு சொல்கிறது. முன்பதிவுச் சான்று, உங்கள் செய்திகள், அடையாள அட்டை நகல் மூன்றும் கையில் இருந்தால், காவலர் வந்து பேசிய மாத்திரத்திலேயே பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள். இதற்கிடையே 2 மணிக்கு வருகிறவர்களுக்கு 12 மணிக்கே நிலைமையைச் சொல்லி, பக்கத்தில் ஒரு விடுதியில் உங்கள் செலவில் அறை பார்த்து வையுங்கள். அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை.

மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் விஷயம் வேறு. இரண்டு மூன்று மாதம் ஒருவரே தனிச் சாவியுடன் வீடு முழுவதையும் தம் பிடியில் வைத்திருந்தால், காகிதத்தில் உரிமம் என்று தலைப்பிட்டிருந்தாலும், அது உண்மையில் குத்தகையா என்ற கேள்வி எழும். தலைப்பைப் பார்க்கக் கூடாது, இரு தரப்பின் நோக்கத்தையும், இடத்தின் முழு அனுபோகம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959இலேயே, டெல்லி ஹோட்டல் ஒன்றின் வழக்கில் சொல்லிவிட்டது. அத்தகையவர்களுக்கு, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவுசெய்துகொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள். அல்லது ஒரு மாதத்துக்கு மேல் யாருக்கும் முன்பதிவு ஏற்காதபடி தளத்திலேயே வரம்பை அமைத்துவிடுங்கள்.